கச்சேரிக் கீபோர்டுக் கலைஞரின் முதல் தனி ஆல்பம்: தமிழில் ப்ளூஸ் பாடி, வாசித்து, பதிவு செய்யும் முறை

மதுரை வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிப்பவருக்குக் கை ஓய்வதே இல்லை. வயலின்காரர் வராத நாளில் வயலினும், புல்லாங்குழலுக்குத் தனி ஆள் வைக்க விழாக் குழு பணம் தராத நாளில் புல்லாங்குழலும், அம்மன் பாட்டு வந்தால் நாகசுரமும் அந்த 61 கீகளுக்குள்ளிருந்தே வந்தாக வேண்டும். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில்கூட எதையாவது வாசித்து நிரப்பினால்தான் மேடை கனமாக இருக்கிறது என்று பாராட்டுவார்கள். இப்படி 20 ஆண்டுகளுக்கு மேல் வாசித்துவிட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸில், நானே பாடி நானே வாசித்து ஓர் ஆல்பம் வெளியிட வேண்டும் என்று உட்கார்ந்தபோது, என் கைகள் கற்றுவைத்திருந்த அந்த நிரப்பும் வித்தையே முதல் தடையாக நின்றது. அதே நிலையில் இருக்கும் மற்றொரு கலைஞருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், பாடல் எழுதுவது முதல் கோப்புகளைப் பத்திரப்படுத்துவது வரை செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

வடிவமும் சுரங்களும்

ப்ளூஸின் பரவலான வடிவம் 12 பார் கொண்டது. பார் என்பது தாளத்தின் ஒரு சிறு கட்டம்; ஒரு பாருக்கு 4 அடி (தாளத் தட்டு) என்று வைத்தால் 48 அடி; நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால், 8 அடி கொண்ட ஆதி தாளத்தில் சரியாக 6 ஆவர்த்தனம் (சுற்று). ஒரு கட்டையில் (சி சுருதியில்) வாசிப்பதாக வைத்துக்கொண்டால், முதல் 4 பார் சி7 என்னும் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரத் தொகுப்பு), அடுத்த 2 பார் எஃப்7, மீண்டும் 2 பார் சி7, 9-ஆவது பார் ஜி7, 10-ஆவது எஃப்7, 11-ஆவது சி7, கடைசிப் பாரில் அடுத்த சுற்றுக்கு அழைத்துச் செல்லும் ஜி7. ஷட்ஜம், மத்யமம், பஞ்சமம் ஆகிய மூன்று இடங்களுக்கு ஆதாரம் நகர்ந்து நகர்ந்து வீடு திரும்புகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். தம்புராவின் மாறாத சுருதியில் வளர்ந்த காதுக்குப் புதிதாக இருப்பது இந்த நகர்வுதான். சுரங்கள் புதியவை அல்ல.

சுத்த தன்யாசி ராகம் தெரிந்தவருக்குச் சுர வேலையில் பாதி முடிந்துவிட்டது. ஷட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் என்ற அதே ஐந்து சுரங்களைத்தான் மேற்கில் மைனர் பென்டடானிக் என்கிறார்கள். இவற்றோடு பிரதி மத்யமத்தைப் போகிற போக்கில் தொட்டுச் சென்றால் அது ப்ளூஸ் ஸ்கேல். ஆனால், அடியில் ஒலிக்கும் சி7 கார்டில் இருப்பதோ அரைச் சுரம் உயர்ந்த அந்தர காந்தாரம். மேலே பாடும் சாதாரண காந்தாரமும் கீழே ஒலிக்கும் அந்தர காந்தாரமும் உரசிக்கொள்வதில்தான் அந்த இசையின் சுவை இருக்கிறது. நல்ல ப்ளூஸ் பாடகர் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவே, எந்தக் கீபோர்டிலும் இல்லாத ஓர் இடத்தில் போய் நிற்பார். கமகம் (சுரங்களை அசைத்துப் பாடுவது) பாடிப் பழகிய குரலுக்கு அந்த இடம் எளிதில் அகப்படும். அதே பழக்கம் கெடுப்பதும் உண்டு: சுத்த தன்யாசியின் சஞ்சாரங்களை அப்படியே பாடினால் கேட்பவருக்கு ராகம்தான் கேட்கும். பேசுவது போலத் தொடங்கி, மேலிருந்து கீழே சரிந்து இறங்கும் சிறு சிறு அடிகளாகப் பாடிப் பாருங்கள்.

கீபோர்டில் அந்த நடு இடத்தைக் காட்ட சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டு சக்கரத்தை உருட்டாதீர்கள். பியானோ ஒலியில் அது பொய்யாகக் கேட்கும். பியானோக்காரர்கள் செய்வது வேறு: சாதாரண காந்தாரமான இ-ஃபிளாட் என்னும் கறுப்புக் கீயை அழுத்திய அதே விரலை, அழுத்தம் குறையாமல், பக்கத்திலுள்ள, அந்தர காந்தாரமான வெள்ளை இ கீயின் மேல் சறுக்கி விடுவார்கள். இரண்டு சுரங்களும் ஒரு கணம் ஒன்றாக நசுங்கிக் கேட்கும். இந்தச் சறுக்கல் சி, எஃப், ஜி ஆகிய மூன்று கார்டுகளிலும் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு இறங்குவதால் ஒரு கட்டையில் வாசிப்பது வசதி. ஆறு கட்டையில் பாடுபவர் சுருதிக்கு ஏற்ப வாசித்தால் வெள்ளையிலிருந்து கறுப்புக்கு ஏற வேண்டியிருக்கும், விரல் சறுக்காது. எனவே, வாசிக்கும் கீகளை மாற்றாமல் சுருதியை மட்டும் மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பு இல்லை. சாஸ்திரம் படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ஒவ்வொரு பாடலுக்கும் எந்த எண்ணில் வைத்தீர்கள் என்பதை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி ஸ்டாண்டில் ஒட்டி வையுங்கள்.

பாட்டு எழுதுதல்

ப்ளூஸ் பாடலின் ஒரு சரணம் மூன்று அடி (வரி). முதல் அடியைச் சொல்லி, அதையே இரண்டாம் அடியாகத் திரும்பச் சொல்லி, மூன்றாம் அடியில் அதற்கு விடையோ திருப்பமோ தருவது வழக்கம். ஒவ்வோர் அடிக்கும் 4 பார், அதாவது 2 ஆவர்த்தனம். இதை ‘அமெரிக்க ஒப்பாரி’ என்று சொல்லிவிட்டு நகர்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமைத்தனத்திலிருந்து மீண்ட கறுப்பின மக்களின் உழைப்பிலும் அலைச்சலிலும் பிறந்த இந்த இசையில் துயரம் எவ்வளவு உண்டோ, அவ்வளவு நக்கலும் நையாண்டியும் உண்டு. அந்த வகையில் தெம்மாங்கின் எகத்தாளத்துக்கும் அது பக்கத்து வீடுதான். அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டு எட்டுப் பாடல் எழுதினால் மூன்றாவது பாடலிலேயே கேட்பவர் எழுந்து போய்விடுவார்.

தமிழில் எழுதுபவருக்கு ஓர் அரிய வசதி இருக்கிறது. ப்ளூஸின் ஷஃபிள் நடையைப் பிடிக்க, ‘தகிட’ என்ற திஸ்ரத்தில் (மூன்று எண்ணிக்கை நடையில்) நடு எழுத்தை விழுங்கிவிட்டு ‘த – ட, த – ட’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ஒலி இரண்டு பங்கு, அடுத்த ஒலி ஒரு பங்கு. நம் இலக்கணத்தில் நெடிலுக்கு 2 மாத்திரை, குறிலுக்கு 1 மாத்திரை. நெடிலைத் தாள அடியின் மேலும் குறிலை அதன் வாலிலும் வைத்தால் சொல்லே ஷஃபிள் நடையில் நடந்துவிடும். நான் எழுதியதில் ஒரு சரணத்தை எடுத்துக்காட்டாகத் தருகிறேன் (ஆரப்பாளையம் மதுரையின் பேருந்து நிலையங்களில் ஒன்று):

ஆரப்பாளையம் வந்து சேர்ந்தா கடைசி வண்டி போயிருச்சு
அட, ஆரப்பாளையம் வந்து சேர்ந்தா கடைசி வண்டி போயிருச்சு
தூர ஊரு பொழப்ப நம்பி தூக்கம் கூடப் போயிருச்சு

‘ஆ-ர’, ‘பா-ளை’, ‘தூ-ர’, ‘ஊ-ரு’ ஆகியவை எல்லாம் நீண்டு குறுகும் இணைகள். ‘ளை’ சொல்லின் நடுவில் வருவதால் ஐகாரக் குறுக்கமாகி ஒரு மாத்திரையில் நிற்கிறது. ஆரப்பாளையம், தூர ஊரு என்ற இரண்டும் ‘ர’ எதுகையில் தொடங்கி, இயைபில் முடிகின்றன. ஆங்கிலப் பாடல்களில் அடியின் இறுதி மட்டுமே ஒத்து ஒலிக்கும். நம் காது அடியின் தொடக்கத்திலும் ஒலி ஒப்பை எதிர்பார்க்கும். இரண்டையும் கொடுத்துவிடுங்கள். எழுத்து நடையில் ‘சென்றுவிட்டது’ என்று எழுதினால் தாளம் படுத்துவிடும். மதுரைப் பேச்சில் ‘போயிருச்சு’ என்பதே சரியான சொல்.

எழுதும்போது கவனிக்க வேண்டிய மற்றொன்று நீளம். 4 பாரில் சொற்கள் இரண்டரைப் பாருக்குள் முடிந்துவிட வேண்டும். மீதி ஒன்றரைப் பார் உங்கள் வலக்கைக்கு உரியது. குரல் ஒன்றைச் சொல்ல, கீபோர்டு அதற்குப் பதில் சொல்லும் இடம் அது. சொற்கள் 4 பாரையும் அடைத்துக்கொண்டால் பாட்டு இருக்கும், உரையாடல் இருக்காது.

எட்டுப் பாடல்கள் போதும். நிமிடத்துக்கு 60 அடி என்ற மெதுவான நடையில் ஒரு சுற்று 48 விநாடி ஓடும். ஆறு சுற்று வைத்தால் 4 நிமிடம் 48 விநாடி. நிமிடத்துக்கு 120 அடி என்றால் சுற்றுக்கு 24 விநாடிதான். மெதுவானவை மூன்று, நடுத்தரமானவை மூன்று, விரைவானவை இரண்டு என்று கலந்தால் 35 நிமிட ஆல்பம் கிடைக்கும். எட்டையும் 12 பாரில் எழுத வேண்டியதில்லை. 8 பார், 16 பார் வடிவங்களும் ப்ளூஸில் உண்டு.

கையைக் குறைத்தல்

கச்சேரிக் கீபோர்டுக்காரரின் இடக்கை, தாளத்தையும் பின்னணியையும் தானே வாசிக்கும் ஆட்டோ அக்கம்பனிமென்ட் ஸ்டைலுக்குக் கார்ட் காட்டிக்காட்டிச் சோம்பிப்போன கை. முதல் வேலையாக அந்த ஸ்டைலை அணைத்துவிட்டு இரண்டு மாதம் வாசியுங்கள். இடக்கையில் சி-ஜி இரண்டு முறை, சி-ஏ இரண்டு முறை என்று ஷஃபிளில் மாறி மாறி வாசிப்பதே ஆரம்பப் பாடம். எஃப் கார்டுக்கும் ஜி கார்டுக்கும் அதே அமைப்பை நகர்த்தினால் போதும்.

வலக்கைக்கு முழுக் கார்ட் தேவையில்லை. இரண்டு சுரம் போதும். சி7-க்கு இ, பி-ஃபிளாட் என்ற இரண்டை மட்டும் பிடியுங்கள். இரண்டு விரலையும் அரைச் சுரம் கீழே இறக்கினால் இ-ஃபிளாட், ஏ வரும்; அது எஃப்7. முதலில் பிடித்த இடத்திலிருந்து அரைச் சுரம் மேலே ஏற்றினால் எஃப், பி வரும், அது ஜி7. பாட்டு முழுவதற்கும் வலக்கை நகரும் தூரம் இவ்வளவே. இதை முதன்முதலில் கண்டுகொண்ட இரவு, அண்டை வீட்டார் கதவைத் தட்டும்வரை சி-எஃப்-சி என்று வாசித்துக்கொண்டே இருந்தேன்.

இதைவிடக் கடினமானது, பாடும்போது வலக்கையை மடியில் வைத்துக்கொள்வது. குரல் ஒலிக்கும் இரண்டரைப் பாரில் இடக்கை மட்டும் நடக்கட்டும்; அதிகம் போனால் அந்த இரண்டு சுரங்கள். அடி முடிந்ததும் வலக்கை மேலே வந்து பதில் சொல்லிவிட்டு இறங்கட்டும். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டு, குரலின் மேல் வலக்கை ஏறும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். எனக்கு முதல் நாள் ஒரே பாடலில் 31 குறிகள் விழுந்தன.

உடன் வாசிப்பவர்களை வைப்பதிலும் இதே சிக்கனம் வேண்டும். பாடி வாசித்த பியானோக் கலைஞர் லீராய் கார் 1928-இல் பெயர் பெற்ற பதிவுகளைச் செய்தபோது உடன் இருந்தது ஸ்க்ராப்பர் பிளாக்வெல் என்பவரின் ஒற்றைக் கிட்டார். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் குழுவில் பல ஆண்டுகள் பிறருக்காக வாசித்த ஓட்டிஸ் ஸ்பேன் 1960-இல் நியூயார்க்கில் தன் பெயரில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தபோதும், ட்ரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. ராபர்ட் லாக்வுட் ஜூனியரின் கிட்டார் மட்டுமே. குழுவில் வாசித்தவர் தனியே வந்து எப்படி நிற்பது என்பதற்கு இவை நல்ல வழிகாட்டிகள். உங்களுக்கும் ஒரு கிட்டார் போதும். மின்னணுத் தாளப் பேட் வாசிக்கும் நண்பர் கோபித்துக்கொள்வார். கடைசி இரண்டு விரைவுப் பாடல்களுக்கு அவரை அழைக்கலாம்.

பதிவு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு அறிவுரையை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: குரலையும் கீபோர்டையும் தனித்தனியாகப் பதிவு செய்யாதீர்கள். சினிமாப் பாடல் பதிவைப் பார்த்துப் பழகிய எல்லா ஸ்டுடியோக்களும் முதலில் ட்ராக், பிறகு குரல் என்றே கேட்பார்கள். அப்படிச் செய்தால் வலக்கையின் பதில், குரல் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடும்; கேள்விக்கு முன் பதில் வந்து உட்கார்ந்திருக்கும். அன்றைய குரல் ஒரு சொல்லில் கூடுதலாகத் தங்கினால் கையும் தங்க வேண்டும். அது ஒரே மூச்சில் பாடி வாசித்தால் மட்டுமே நடக்கும்.

நிஜப் பியானோவில் இப்படிச் செய்வது கடினம். பியானோ ஒலி குரல் மைக்குக்குள் புகுந்துவிடும். டிஜிட்டல் கீபோர்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. இடது, வலது இரண்டு அவுட்புட்டையும் டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலியைப் பதிவுக்கு ஏற்ற சிக்னலாக்கும் பெட்டி) வழியாக, கணினிக்குள் ஒலியைக் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குக் கொடுத்துவிட்டு, கூடவே எந்தக் கீயை எப்போது அழுத்தினீர்கள் என்ற குறிப்பான மிடியையும் பதிவு செய்துகொண்டால், பின்னால் பியானோ ஒலியை மட்டும் மாற்றும் வாய்ப்பும் கையில் இருக்கும். மைக்கில் விழும் ஒரே இடைஞ்சல் விரல்பட்டு எழும் ‘டொக் டொக்’ ஓசை. கண்டென்சர் மைக் அதைத் துல்லியமாகப் பிடித்துவிடும். ஆகவே, மேடையில் பயன்படுத்தும் டைனமிக் மைக்கையே வாயிலிருந்து நான்கு விரற்கடைத் தூரத்தில் வையுங்கள். கீபோர்டுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே ஒரு தடித்த துண்டை மடித்துப் போடுங்கள். ஹெட்ஃபோன் காதை முழுவதும் மூடும் வகையாக இருக்கட்டும். பதிவுத் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வைத்து, உரத்துப் பாடும் இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6-க்கும் இடையில் நிற்குமாறு பார்த்துக்கொண்டால் போதும். ஒரு பாடலுக்கு மூன்று டேக் (முழுப் பாடலின் பதிவு) எடுங்கள். நான்காவதிலிருந்து கை மறுபடியும் நிரப்பத் தொடங்கிவிடும்.

வீட்டிலேயே செய்வதாக இருந்தால் இடமும் காலமும் பெரிய கேள்வி. மொட்டைமாடி அறையின் வெற்றுச் சுவர்கள் எதிரொலிக்கும். போடிப் பக்கத்து இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள்; மைக்கின் முகம் அந்தத் திசையைத்தான் பார்க்கிறது என்பதால் மெத்தைக்கு அங்கேதான் வேலை. மின்விசிறியை அணைக்க வேண்டியிருப்பதால் சித்திரை, வைகாசியை விட்டுவிடலாம். ஆடியில் அம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கிகள் தெருவுக்குத் தெரு கட்டப்பட்டிருக்கும். என் மெதுவான பாடல் ஒன்றின் இரண்டாவது டேக்கில், பின்னணியில் அன்னதான அறிவிப்பு மிகத் தெளிவாக இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத புரட்டாசியில் நமக்கும் கச்சேரி குறைவு, வெயிலும் தணிந்திருக்கும். உங்கள் ஊரில் புரட்டாசிப் பொங்கல் என்றைக்கு என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தின் ‘உம்ம்’ என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால், கீபோர்டு, இன்டர்ஃபேஸ், கணினி மூன்றையும் ஒரே நிலத்தொடர்புள்ள பிளக் போர்டிலிருந்து இணையுங்கள்; அப்போதும் போகாவிட்டால் டிஐ பாக்ஸில் ஒலிக் கம்பியின் நிலத்தொடர்பைத் துண்டிக்கும் கிரவுண்டு லிஃப்ட் பொத்தானை மாற்றிப் பாருங்கள். மின்தடை நேரத்தில் இன்வெர்ட்டரில் பதிவு செய்யாதீர்கள். சதுர அலை இன்வெர்ட்டர் தரும் கரகரப்பை எந்த மென்பொருளும் சுத்தமாக எடுக்காது.

மிக்ஸிங், உரிமை, வெளியீடு

மிக்ஸிங் செய்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டியது, குரலுக்குப் பிட்ச் கரெக்‌ஷன் போடக் கூடாது என்பது. இரண்டு காந்தாரங்களுக்கு நடுவே நீங்கள் தேடிப் பிடித்த இடத்தை அந்த மென்பொருள் தவறு என்று எண்ணி, ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடும். நம் ஊரில் இதைக் கேட்காமலே செய்துவிடுகிறார்கள், அதையும் உதவி என்று நினைத்துச் செய்கிறார்கள். அடுத்ததாக, கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். இடக்கை காணாமல் போயிருந்தால், ஈக்வலைசரைத் திருகுவதைவிட இடக்கையை ஓர் ஆக்டேவ் மேலே வாசித்து மறுபடி பதிவு செய்வதே மேல். வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சீராக்கும் கடைசிக் கட்டமான மாஸ்டரிங்கில், உரத்த ஒலிக்காகப் பிழிய வேண்டாம். ஸ்பாட்டிஃபை சுமார் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு எல்லாவற்றையும் சமன்செய்துவிடுகிறது. பிழிந்த பாட்டு அங்கே சத்தம் குறைந்து, உயிரும் இழந்து ஒலிக்கும்.

முதல் ஆல்பத்தில் சினிமாப் பாடலின் ப்ளூஸ் வடிவம் ஒன்று இருந்தால் நாலு பேர் கேட்பார்கள் என்று நண்பர்கள் சொல்வார்கள். 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதியவர், இசையமைத்தவர் காலமாகி 60 ஆண்டுகள்வரை அந்தப் படைப்புக்கு உரிமை உண்டு. கவர் வெர்ஷனுக்கான (பிறர் பாடலை மறுபடி பாடிப் பதிவு செய்வதற்கான) சட்டப்படி உரிமம் பெற்றாலும் 5 ஆண்டுக் காத்திருப்பு, குறைந்தபட்சம் 50,000 பிரதிகளுக்கான ராயல்டி என்ற நிபந்தனைகள் இருக்கின்றன. 12 பார் வடிவம் யாருடைய சொத்தும் அல்ல. சொந்தப் பாடல்களையே வையுங்கள். பாடல் வரி வேறொருவருடையது என்றால் பங்கு எவ்வளவு என்பதையும், கிட்டார்காரருக்கு ஒருமுறைச் சம்பளமா பங்கா என்பதையும் பதிவுக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பாடலை எழுதி இசையமைத்தவர் என்ற முறையில், பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கான ராயல்டியைத் திரட்டித் தர 1969 முதல் இயங்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகலாம். ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும், 12 எழுத்து-எண் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு வேண்டும், பெரும்பாலான இணைய விநியோக நிறுவனங்கள் அதைத் தாங்களே கொடுத்துவிடும். உங்கள் பெயரின் எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கொடுங்கள். ஓர் எழுத்து மாறினால் ஒருவரே இரண்டு கலைஞர்களாகிவிடுவார்.

பணத்தின் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், தனித்தனி ட்ராக்குகள், மிடி கோப்புகள், மாஸ்டர் வேவ் கோப்பு ஆகிய மூன்றையும் உங்கள் டிஸ்கில் வாங்கி, வீட்டில் திறந்து கேட்டுவிடுங்கள். என் முதல் மூன்று பாடல்களைப் பதிவு செய்த ஸ்டுடியோவில் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு, எம்.பி.3 மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். ஏழு மாதம் கழித்து ஒரு சொல்லைச் சரிசெய்யப் போனபோது, இடம் போதவில்லை என்று கணினியிலிருந்து எல்லாவற்றையும் அழித்திருந்தார்கள். அந்த மூன்றையும் மறுபடியும் பாட வேண்டியதாயிற்று. இப்போது டிஸ்க் இரண்டு இருக்கின்றன. ஒன்று என்னிடம், மற்றொன்று திருமங்கலத்தில் தங்கை வீட்டு பீரோவில். இரண்டின் மேலும் பாடல், தேதி, கட்டை, ட்ரான்ஸ்போஸ் எண் ஆகியவற்றை எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது.